செவ்வாய்க்கிழமை பேப்பர்

2004 அக்டோபர் 19. தருமபுரி உலகச் செய்தியான நாள். அன்றைய செய்திகளை இன்று எடுத்துப் படித்தால் பாதிக்குச் சிரிப்பு வருகிறது. மீதிப் பாதியில் சிரிக்க ஒன்றுமில்லை.

அன்று காலை தமிழ்நாட்டில் பேப்பர் தேவைப்படாத ஊர் ஒன்று உண்டென்றால் அது தருமபுரி. மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் படித்ததை இந்த ஊர்க்காரர்கள் அரசு மருத்துவமனை வாசலில் நின்று நேரிலேயே பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனைக் கூடத்தை நோக்கி ஆயிரக்கணக்கில் கூட்டம். சைக்கிளை மதிலோரம் சாய்த்துவிட்டு வந்தவர்கள், சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள். லத்தியைக் குறுக்கே பிடித்துக் கூட்டத்தை நெட்டித் தள்ளும் போலீசாருக்கே எட்டிப் பார்க்கும் ஆசை. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் பலருக்கும் ஒரே சந்தேகம்: மீசை எங்கே?

முந்தின இரவு 11 மணியை ஒட்டி, பாப்பாரப்பட்டிக்கு அருகே பாடி என்ற இடத்தில், சந்தனக் கடத்தல் வீரப்பனையும் சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேதுமணி ஆகிய மூன்று கூட்டாளிகளையும் தமிழக அதிரடிப்படை சுட்டு வீழ்த்தியிருந்தது. படைக்குத் தலைவர் கே.விஜயகுமார். கண்பார்வை மங்கி, சிகிச்சைக்காகக் காட்டைவிட்டு வெளியே வந்த வீரப்பன் ஏறியது ஓர் ஆம்புலன்ஸில். அந்த ஆம்புலன்ஸ் அதிரடிப்படையின் ஏற்பாடு. ஓட்டி வந்தவரும் போலீஸ்காரர். இது போலீஸ் சொன்ன கணக்கு. முன்னமே பிடித்து வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்ற சந்தேகத்தை மனித உரிமை அமைப்புகள் உடனே எழுப்பின. இரண்டு தரப்பும் சண்டை போடாத ஒரே விஷயம், ஆள் அவர்தான் என்பது. சண்டையே இல்லாத அந்த ஒரு விஷயத்தில்தான் மருத்துவமனை வாசல் சந்தேகப்பட்டது.

பேஜ் முடித்த பிறகு வந்த செய்தி

இரவு 11 மணி என்பது காலைப் பத்திரிகைக்குக் கெட்ட நேரம். வெளியூர்ப் பதிப்புகளின் பக்கங்கள் அப்போது முடிந்திருக்கும். நைட் ஷிஃப்ட் உதவி ஆசிரியர் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருப்பார். தூரத்து ஊர்களுக்குப் போகும் கட்டுகள்தான் முதலில் அச்சாகும். அச்சகம் இருக்கும் ஊருக்கான கட்டு கடைசியில். ஆகவே நள்ளிரவுச் செய்தி எதுவானாலும் அது சென்னைக்காரனுக்குச் சூடாகக் கிடைக்கும். சம்பவம் நடந்த கிராமத்தானுக்கு ஆறிப்போய்க் கிடைக்கும். தன் வீட்டுத் திண்ணையில் நடந்ததைத் தெரிந்துகொள்ள அடுத்த நாள் பேப்பருக்குக் காத்திருப்பது கிராமத்து வாசகனுக்குப் பழக்கம்.

அன்று போட்டிருந்த தலைப்பையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. செய்தி என்னவோ இரண்டு வரி. ஆனால் அதற்கு முன்கதை எழுத எந்தப் பத்திரிகைக்கும் யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இருபது ஆண்டுக் கதை அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தது: 1993இல் பாலாறு கண்ணிவெடி, 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தல், 2002இல் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தலும் மரணமும். ராஜ்குமார் மட்டும் 108 நாள் காட்டில் இருந்தார். அந்த 108 நாளும் முதல் பக்கத்துக்கு என்ன போடுவது என்று எந்த ஆசிரியரும் தலையைச் சொறிந்திருக்க மாட்டார். பத்திரிகை ஆசிரியர் நக்கீரன் கோபால் தூது போனதும் வந்ததும் தனித்தனிச் செய்தி. போகாமல் இருந்ததும் செய்தி.

செவ்வாய் காலை அந்தத் தொடர்கதைக்கு முற்றும் போட்டாயிற்று. வாசகர்களுக்குப் பரபரப்பு. செய்தி ஆசிரியர்களுக்கு, நாளை மறுநாள் முதல் எதைப் போடுவது என்ற கவலை.

மீசைக்கு வந்த மவுசு

பத்திரிகை அலுவலகங்களில் இருந்த படங்களில் எல்லாம் வீரப்பனுக்கு அந்தப் பெரிய கொடுவாள் மீசை. பச்சைச் சீருடை, தோளில் துப்பாக்கி, கன்னத்தைத் தாண்டும் மீசை. ஒரு மனிதனின் அடையாள அட்டையே மீசை என்றாகிவிட்டது. மருத்துவமனையில் கிடத்தப்பட்டிருந்தவருக்கோ அது வெட்டிச் சிறிதாக்கப்பட்டிருந்தது. காட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று மீசையைக் குறைப்பது இயல்பு. போலீஸ் சொன்ன காரணமும் அதுதான். ஆனால் இருபது ஆண்டாகப் பேப்பரில் பார்த்ததையா நம்புவது, இன்று கண்ணால் பார்ப்பதையா? கூட்டத்தில் ஒரு பகுதி பேப்பரைத்தான் நம்பியது.

பத்திரிகைத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

மருத்துவமனை வாசலில் அன்று நடந்த விவாதங்களில் பாதி மீசையைப் பற்றி. ஆம்புலன்ஸுக்குள் எப்படி ஏறினார், யார் காட்டிக்கொடுத்தார், அவருடைய பணம் எங்கே புதைந்திருக்கிறது என்பவை மீதி. கடைசிக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தி சாய்ந்த பிறகு டீக்கடையில் அதை எடுத்தால், புதையலுக்கு வழி தெரிந்த ஒருவராவது பெஞ்சில் இருப்பார். வழி தெரிந்தவர் ஏன் இன்னும் கடன் சொல்லி டீ குடிக்கிறார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவைக் காப்பாற்றிய மழை

வேறு எந்த நாளாக இருந்தாலும் முதல் பக்கம் சேப்பாக்கத்துக்குத்தான். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட். கும்ப்ளே இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட். சேவாக் 155. வெற்றி இலக்கு 229. நான்காம் நாள் முடிவில் இந்தியா விக்கெட் இழப்பின்றி 19. திங்கட்கிழமை காலை வெறும் 210 ரன் எடுத்தால் போதும் என்று நாடே ரேடியோவையும் டிவியையும் திருகியபோது சென்னையில் மழை கொட்டியது. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஆட்டம் டிரா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முந்தைய ஓராண்டாகச் சென்னை குடிநீர்ப் பஞ்சத்தில் தவித்தது. லாரி வரும் தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. வீராணத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. மழை வேண்டி யாகமும் பிரார்த்தனையும் செய்த நகரம், வேண்டியது கிடைத்த நாளில் வானத்தைப் பார்த்துத் திட்டியது. தருமபுரி மாவட்டத்து மானாவாரி விவசாயி அந்தச் செய்தியைப் படித்திருந்தால், மழையால் இவ்வளவு பெரிய நஷ்டமா என்று வியந்திருப்பார். அவருக்குத் தெரிந்த நஷ்டமெல்லாம் மழை வராததால் வந்தது.

அந்த ஒரு நாள் மழையின் வட்டி பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியா அந்தத் தொடரை 2–1 என்று வென்றது. 1969–70க்குப் பிறகு இந்திய மண்ணில் அவர்கள் வென்ற முதல் தொடர் அது.

டெல்லி நாற்காலியும் மும்பை நாற்காலியும்

அதே திங்கட்கிழமை டெல்லியில் பா.ஜ.க. தலைவர் பதவியிலிருந்து வெங்கய்ய நாயுடு விலகினார், எல்.கே.அத்வானி வந்து உட்கார்ந்தார். மே மாதம் மத்திய ஆட்சி போயிருந்தது. மகாராஷ்டிரத்தில் அப்போதுதான் தோற்றிருந்தார்கள். அரசியல் விமர்சகர்கள் இரண்டு பத்தி எழுதக் காத்திருந்த செய்தி. வீரப்பன் அதையும் மடிப்புக்குக் கீழே தள்ளிவிட்டார்.

இன்று படிக்கையில்தான் சுவாரசியம். அன்று வந்து அமர்ந்தவர் மறு ஆண்டு கடைசியில் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். அன்று எழுந்து போனவர் 2017இல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று மறுநாள் பேப்பரை வைத்து முடிவு கட்டிய அத்தனை டீக்கடை ஆய்வாளர்களுக்கும் இது சமர்ப்பணம்.

மும்பை இன்னும் விசேஷம். மூன்று நாள் முன்பு வந்த முடிவில் தேசியவாத காங்கிரசுக்கு 71 இடம், காங்கிரசுக்கு 69. அதிக இடம் பிடித்தவர் முதல்வர் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே பேச்சு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. நவம்பர் 1ஆம் தேதி விலாஸ்ராவ் தேஷ்முக் பதவியேற்றார். அவர் 69 இடம் பிடித்த கட்சிக்காரர்.

பெட்டிச் செய்தி: அந்தச் செவ்வாயைச் சுற்றி

• 2004 பிப்ரவரி 9: தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூரும் அதன் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போயின.

• அக்டோபர் 12: தமிழைச் செம்மொழியாக அறிவித்து மத்திய அரசின் ஆணை.

• அக்டோபர் 15: ‘7ஜி ரெயின்போ காலனி’ வெளியானது. அந்த வாரம் இளைஞர்கள் சோகமாகத் திரிந்ததற்கு இந்தியா டிரா செய்தது மட்டும் காரணமில்லை.

• தங்கம் சவரன் ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கீழே. அப்போதும் நகைக்கடைக்குப் போய் வந்தவர்கள் விலை கட்டுப்படியாகவில்லை என்றுதான் சொன்னார்கள்.

• அது ஆயுத பூஜை வாரம். செவ்வாய்க்கிழமை உலகத்தை உலுக்கிய முதல் பக்கங்களில் எத்தனையோ வியாழக்கிழமை பொரி கடலைப் பொட்டலமாகியிருக்கும். உணவை நியூஸ்பேப்பரில் மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது 2016இல்தான்.

பாப்பாரப்பட்டி எங்கே இருக்கிறது?

அந்த வாரம் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் பாப்பாரப்பட்டி என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் பழகின. டெல்லி, பெங்களூரு நிருபர்கள் வரைபடத்தை விரித்து ஊரைத் தேடினார்கள்.

தேடியிருக்க வேண்டியதில்லை. விடுதலைப் போராட்ட வரலாற்றில் அந்த ஊர் முன்பே பதிவானதுதான். சிறையில் தொழுநோய் தொற்றிய சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று கண்மூடியது பாப்பாரப்பட்டியில். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று அங்கே ஆசிரமம் அமைத்தார். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தபோது ஊர் ஊராக நடந்தே போனார். இன்னொன்றும் உண்டு: அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். 1913இல் ‘ஞானபானு’ என்ற மாத இதழைத் தொடங்கி நடத்தியவர்.

ஆக, பத்திரிகை நடத்திய மனிதர் வாழ்ந்து மறைந்த ஊருக்கு 79 ஆண்டு கழித்துப் பத்திரிகைகள் படையெடுத்து வந்தன. வந்த காரணம் அவர் இல்லை. ஓர் ஊர் செய்தியில் அடிபட என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இதழியல் வகுப்பில் கிடைக்காது.

தலைப்பு வராத செய்தி

இதுவரை சிரித்தாயிற்று. சிரிப்பு நிற்கும் இடம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது. வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து இந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் இறங்கினார்கள். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கி, தானியத்தைப் பாழாக்கி, கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போனார்கள். வீரப்பன் தும்மினாலும் மறுநாள் தலைப்பாகிய அதே காலம் அது. வாச்சாத்தியில் நடந்தது வெளியுலகுக்குத் தெரியவே வாரங்கள் ஆயின. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் உள்ளே போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 1995இல்.

தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். அந்தத் தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய இன்னும் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு: 2023 செப்டம்பர் 29. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் அது உத்தரவிட்டது.

2004 அக்டோபர் 19க்கு அடுத்த நாட்களில் அதிரடிப்படையினருக்கு முதல்வர் ஜெயலலிதா அறிவித்த பரிசு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, பதவி உயர்வு. அறிவிப்பு உடனே வந்தது. பெரிய எழுத்தில் வந்தது. வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் சித்திரவதைக்கு ஆளான இரு மாநிலக் கிராமத்தாரின் புகார்களை அப்போது நீதிபதி சதாசிவா குழு விசாரித்து முடித்திருந்தது. அவர்களில் 89 பேருக்கு இடைக்கால நிவாரணமாக மொத்தம் 2.80 கோடி ரூபாய் தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது 2007இல். பரிசுக்கும் நிவாரணத்துக்கும் ஒரே காடுதான் காரணம். எது எத்தனை நாளில் வந்தது, எந்தப் பக்கத்தில் வந்தது என்பதில்தான் வித்தியாசம்.

பெட்டிச் செய்தி: கெட்டுப்போகாத தலைப்புகள்

தருமபுரி மாவட்டச் செய்தியாளர் விடுப்பில் போனாலும் பக்கம் நிற்காது. இவற்றைத் தேதி மட்டும் மாற்றி எந்த ஆண்டும் போடலாம்.

• ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு. குளிக்க, பரிசல் இயக்கத் தடை.

• ஒகேனக்கல்லில் நீர்வரத்து குறைந்தது, தடை நீக்கம். (மேலே உள்ள செய்திக்கு அடுத்த வாரம்.)

• பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை சரிவு. சாலையோரம் கொட்டிய விவசாயிகள்.

• தக்காளி விலை விண்ணைத் தொட்டது, இல்லத்தரசிகள் கவலை. (அதே தக்காளி, மூன்று மாதம் கழித்து.)

• மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைப் பணி விரைவில் தொடங்கும்.

உள்பக்கத்தில் வந்த எதிர்காலம்

வீரப்பன் போன பிறகு தருமபுரிக்காரரின் வாழ்க்கையில் எது மாறியது? காட்டோரக் கிராமங்களில் இரண்டு பக்கத்து அடியும் நின்றது. அது பெரிய நிம்மதி. மற்றபடி மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றிய, மாற்ற வேண்டிய செய்திகள் எல்லாம் அந்தக் காலத்துப் பேப்பரில் உள்பக்கத்தில், ஒரே பத்தி அகலத்தில், படமில்லாமல் வந்துகொண்டிருந்தவை.

முதலாவது தண்ணீர். மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும், மூட்டு இறுகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையால் வாயை மறைத்துச் சிரிப்பது தலைப்புச் செய்தி ஆகாது, துப்பாக்கி வெடிக்கவில்லையே. ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது முதல் பக்கத்தில் பெரிதாக ஏறியது எப்போது தெரியுமா? கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, ஏப்ரல் 4 அன்று சேப்பாக்கத்தில் தமிழ் நடிகர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது. தருமபுரியின் தாகம் பேப்பரில் வர, ரஜினிகாந்த் பசியோடு இருக்க வேண்டியிருந்தது. அவர் அன்று பேசிய பேச்சுக்கு, ‘குசேலன்’ வெளியாகும் நேரத்தில் கர்நாடகத்திடம் வருத்தம் சொல்லவும் நேர்ந்தது, அதுவும் தலைப்பு. 2013 மே 29 அன்று திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இரண்டாவது, மாவட்டப் பிரிவு. ஓசூர் போன பிறகு தொழிற்சாலை என்று விரல் நீட்டிக் காட்ட மாவட்டத்தில் அதிகம் எதுவும் மிஞ்சவில்லை. விடிகாலை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். தோள் பையும் சாப்பாட்டுத் தூக்குமாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் கிளம்பும் கூட்டம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மருத்துவமனை வாசலில் ஒரு நாள் கூடிய கூட்டத்துக்குத் தலைப்பு கிடைத்தது. தினமும் கூடும் இந்தக் கூட்டத்துக்குக் கிடைத்ததெல்லாம் ‘பஸ்களில் நெரிசல், பயணிகள் அவதி’.

மூன்றாவது ரயில். இந்தக் கதைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ரயில் ஓடத் தொடங்கியது. 1913இல் ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1941இல், தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கியது பிடுங்கியதுதான். சேலம்–பெங்களூரு பாதையில் தருமபுரிக்கு ஸ்டேஷன் உண்டு. ஆனால் சென்னை ரயிலைப் பிடிக்க பஸ் ஏறி மொரப்பூர் போக வேண்டும். நடுவில் இருக்கும் 36 கிலோமீட்டரை மீண்டும் இணைப்போம் என்று வாக்குக் கேட்காத தேர்தல் இல்லை. வெள்ளைக்காரன் போருக்கு எடுத்துக்கொண்டு போன இரும்பைத் திருப்பிக் கேட்டு வாங்கியிருந்தால்கூட இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு நிலம் எடுப்பு, அளவீடு, இழப்பீடு என்று செய்தி மட்டும் குறித்த நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது.

பழைய பேப்பரைப் படிப்பதில் ஒரு லாபம் உண்டு: இன்றைய பேப்பரை எப்படிப் படிப்பது என்று அது கற்றுத் தருகிறது. முதல் பக்கத்தை நிதானமாகப் பார்க்கலாம். அது எப்படியும் டீக்கடையில் காதில் விழுந்துவிடும். மாவட்டப் பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவே மூன்று அங்குலத்தில் வருவதை முதலில் படியுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரும் ரயிலும் வழக்கும் அங்கேதான் இருக்கும். மொரப்பூர் ரயில் வரும் நாளில் அது முதல் பக்கத்துக்கு வரும். தலைப்பை இப்போதே எழுதி வைக்கலாம், வேலை மிச்சம். தேதிக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.